துணைப் பயிற்றுநரின் பெயர்ச்சி

கல்லூரி ஒன்றிற் சில ஆண்டுகள் பணியாற்றி, மாணவரின் அன்பையும் பெற்றோரின் மதிப்பையும் ஒருங்கே ஈட்டிய ஆசிரியர் ஒருவர், உயர்பதவி கிடைத்தமையால் வேறொரு கல்லூரிக்குச் செல்லும் நாளிலே, எஞ்சியிருப்போர் உள்ளத்தில் எழும் உணர்ச்சி எத்தகையது என்பதை இம்மலரைக் கையிலேந்தும் அன்பர் யாவரும் அறிவர். பிரியாவிடைக் கூட்டத்திலே மாலை சூட்டுகின்றோம், வாழ்த்துரை வழங்குகின்றோம், அவர் மேன்மேலும் உயர்தல் வேண்டுமென மனமார விழைகின்றோம். ஆயினும், வீடு திரும்பும் வழியிலே, இனி நம் பிள்ளைகளுக்கு யார் உளர் என்னும் வினா நெஞ்சை உறுத்துகின்றது. அவ்வாழ்த்தும் மெய், அவ்வருத்தமும் மெய்.

இவ்விரு உணர்ச்சிகளும் ஒரு தேசம் முழுவதிலும், ஆண்டுதோறும், ஏறக்குறைய ஒரே காலத்தில், பல்லாயிரவர் உள்ளத்தில் எழுவதைக் காண விரும்புவோர் ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி உதைபந்தாட்டத்தை நோக்குதல் வேண்டும். அங்கே டிசம்பர் மாதம் பிறந்ததும் துணைப் பயிற்றுநர் பலர் தாம் இருந்த பல்கலைக்கழகத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்லத் தலைப்படுவர். இப்பெயர்ச்சியின் காரணம் யாது, அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை, நியாயம் எப்பக்கத்தது என்பனவற்றை இயன்றவரை தெளிவுபடுத்துவதே எமது நோக்கமாகும்.

முதற்கண் ஒரு விளக்கம் வேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நம் கல்லூரி மைதானத்தில் ஆடப்படும் உதைபந்தாட்டமன்று. அது றகர் ஆட்டத்துக்கு உறவுடையது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், கையால் எறிந்தும், எதிராளியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்தலே அவ்வாட்டத்தின் குறிக்கோள். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தையுடைய குழுவுக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அந்நான்கினுள் 10 யார் தூரம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் உண்டு. இன்றேற் பந்து மறுபக்கத்தாரைச் சேரும். ஒவ்வொரு முயற்சியின் முடிவிலும் ஆட்டம் சிறிது நின்று மீளத் தொடங்கும். அந்தச் சில விநாடிகளிலே அடுத்துச் செய்ய வேண்டியதைப் பயிற்றுநர் துணிந்து வீரர்க்கு உணர்த்துவர். நமது ஆட்டத்திலே விசில் ஊதியபின் பயிற்றுநர் பெரும்பாலும் பார்வையாளரே. அங்கோ அவர் ஆட்டம் முடியும்வரை காய் நகர்த்தும் சதுரங்க வீரரை ஒப்பார்.

கல்லூரிகளுக்கிடையே இவ்வாட்டத்தின் முதற்போட்டி 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் தேதி நியூ ஜேர்சி மாநிலத்தில் நடைபெற்றது. றட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டன் கல்லூரியை 6-4 என்னும் கணக்கில் வென்றது. அன்று ஆடிய முறைக்கும் இன்றைய முறைக்கும் ஒற்றுமை மிகச் சிறிதே. 1880ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே, யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்ட்டர் காம்ப் என்பார் பதினொருவர் ஆடும் விதியையும் முயற்சிகளை எண்ணும் விதியையும் வகுத்த பின்னரே ஆட்டம் இன்றைய வடிவத்தை நோக்கி நடந்தது.

துணைப் பயிற்றுநர் பெருகியமைக்கு வேறொரு விதிமாற்றம் காரணமாயிற்று. முற்காலத்தில் ஒரே பதினொருவரே தாக்கியும் காத்தும் ஆடினர். வீரரை இடையில் மாற்றுதற்கிருந்த தடைகள் 1941இல் தளர்ந்தன. 1945இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்துப் பயிற்றுநர் பிரிட்ஸ் கிறைஸ்லர் இத்தளர்வைப் பயன்படுத்தித் தாக்குதற்கு ஒரு குழுவும் காத்தற்கு வேறொரு குழுவுமாக வீரரைப் பிரித்தார். 1953இல் இம்முறை தடுக்கப்பட்டது. 1960களின் நடுப்பகுதியில் மீண்டும் நிலைபெற்றது. அன்று தொட்டு ஒவ்வொரு வீரனும் ஒரு தொழிலிலே தேர்ச்சி பெறுபவனானான். பந்தெறிவோன், ஓடுவோன், எறிந்த பந்தைப் பிடிப்போன், முன்வரிசையில் நின்று மோதுவோன், பின்னின்று காப்போன் என்னும் இவர்க்கெல்லாம் தனித்தனி ஆசான் வேண்டியவரானார். இவ்வாசான்களுக்கு மேலே தாக்குதற் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளரும், காவற் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளரும் அமைந்தனர். யாவர்க்கும் மேலாகத் தலைமைப் பயிற்றுநர் வீற்றிருப்பார்.

முதன்மைப் பிரிவிலே குழுவொன்றுக்கு ஒன்பது துணைப் பயிற்றுநர் என்னும் வரம்பு நெடுங்காலம் இருந்தது. 2018 சனவரியிலே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதனைப் பத்தாக உயர்த்திற்று. 2024 ஜூன் மாதத்தில், குழுவின் ஊழியர் எவரும் மைதானத்திற் பயிற்சி அளிக்கலாமென அச்சங்கம் விதியைத் தளர்த்திற்று. எனினும், வெளியூர் சென்று மாணவரைத் தேரும் உரிமை முன்போலவே ஒரு சிலர்க்கே உண்டு. முதன்மைப் பிரிவில் 130க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள. ஆகவே துணைப் பயிற்றுநர் ஆயிரத்து முந்நூற்றுவர்க்குக் குறையார். அவருள்ளே தலைமைப் பதவியை விரும்பாதார் சிலரே. தலைமைப் பதவிகளோ நூற்று முப்பதைச் சிறிதே கடந்தவை. பத்துப் பேர் ஏற விரும்பும் ஏணியில் ஓரிடமே உண்டு என்னும் இவ்வெளிய கணக்கிலேயே பெயர்ச்சியின் முதற்காரணம் அடங்கிவிடுகின்றது. தன் கல்லூரியில் ஏணியின் உச்சி வெறுமையாகாதென அறிந்தவன் வேறோர் ஏணியைத் தேடுகின்றான்.

இத்தொழிலுக்குப் பள்ளி வேறில்லை, தொழிலே பள்ளி. பழைய குருகுல முறையை இது பெரிதும் ஒத்திருக்கின்றது. இளைஞன் ஒருவன், பட்டப்பின் படிப்புப் படித்துக்கொண்டே சிறு உதவிப்பணம் பெற்று, ஆட்டங்களின் படச்சுருள்களை ஆராய்தல் முதலிய எளிய பணிகளைச் செய்வான். பின்னர் ஒரு சிறு பிரிவுக்கு ஆசானாவான். பின்னர்ப் பெரும்பிரிவின் பொறுப்பாளனாவான். ஒவ்வொரு படியும் பெரும்பாலும் ஒவ்வோர் ஊரில் அமையும். அலபாமாப் பல்கலைக்கழகத்தை உச்சிக்கு உயர்த்திய நிக் சேபன் 1973இல் கென்ற் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய இளநிலை உதவியாளராகத் தொடங்கினார். 1990இல் டொலீடோவிற் தலைமைப் பதவி ஏற்குமுன் அவர் ஆறு உயர்கல்வி நிலையங்களிலும் ஒரு தொழின்முறைக் குழுவிலும் துணைவராகப் பணியாற்றியிருந்தார். தம்மை விட்டுச் செல்லுந் துணைவரை அவர் குறைகூற இயலுமோ? தாமும் அவ்வழியே வந்தவரன்றோ?

வேதனமும் ஒரு காரணம் என்பதை மறைத்தல் நேர்மையன்று. 2018இல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் தன் காவற் பிரிவுப் பொறுப்பாளர் டேவ் அராண்டாவை நிறுத்திக்கொள்ளும் பொருட்டு ஆண்டொன்றுக்கு 25 இலட்சம் டொலர் அளிக்கும் நான்காண்டு ஒப்பந்தத்தைச் செய்தது. அவ்வளவு பொருளும் அவரை நான்காண்டு நிறுத்தவில்லை. 2020 சனவரியில் அவர் பெய்லர் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராகச் சென்றார். பொருளாசையே இப்பெயர்ச்சிகளின் ஒரே காரணம் எனக் கூறுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். தன் பெயரில் ஒரு குழுவை நடத்திப் பார்க்கும் ஆர்வம் பொருளாசையின் வேறானது.

இனி, செல்பவர் எதனை எடுத்துச் செல்கின்றார் என்பதை நோக்குவோம். முதலாவது, அறிவு. ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கென ஒரு குறிமொழி உண்டு. ஒரு சொல்லோ கைச்சைகையோ பதினொருவர்க்கும் பதினொரு கட்டளைகளைத் தரும். அம்மொழியை ஆக்கியவரே எதிர்க்குழுவிற் சேர்வாராயின், பழைய குழு தன் சொற்களையும் சைகைகளையும் மாற்றியே ஆகவேண்டும். 2024 தொடக்கம் முதன்மைப் பிரிவிலே தலைக்கவசத்தினுள் அமைந்த கருவி வாயிலாக ஒரு வீரனுக்குக் கட்டளை கூற இசைவு அளிக்கப்பட்டமையால் இத்தொல்லை ஓரளவு குறைந்தது. ஆயினும், எந்த வீரன் இடப்பக்கத்தில் தடுமாறுவான், எவன் நெருக்கடியில் நிதானம் இழப்பான் என்பன போன்ற உள்ளறிவை எந்தக் கருவியாலும் மறைத்தல் ஒல்லாது.

இரண்டாவது, மாணவர் நம்பிக்கை. இதுவே இவ்விடயத்தின் உயிர்நிலை என யாம் கருதுகின்றோம். உயர்நிலைப் பள்ளி மாணவரைத் தேர்ந்து அழைத்து வரும் பணி பெரும்பாலும் துணைப் பயிற்றுநரையே சார்ந்தது. ஒவ்வொருவர்க்கும் சில மாவட்டங்கள் ஒதுக்கப்படும். அவர் ஈராண்டு மூவாண்டாக ஒரே சிறுவனைப் பார்க்கச் செல்வார். அவன் வீட்டிலே தாயோடு அமர்ந்து உணவருந்துவார். உங்கள் மகனை என் மகனைப்போற் காப்பேன் என வாக்களிப்பார். தலைமைப் பயிற்றுநரின் முகத்தைத் தொலைக்காட்சியிலே கண்ட அத்தாய், துணைப் பயிற்றுநரின் முகத்தைத் தன் கூடத்திலே காண்கின்றாள். அவள் கையளிப்பது ஒரு பல்கலைக்கழகத்திடமன்று, அம்மனிதரிடமே. 2017 தொட்டு மாணவர் ஒப்பமிடும் முதற்காலம் டிசம்பர் மாதத்தில் அமைந்துள்ளது. பயிற்றுநர் இடம்பெயரும் மாதமும் அதுவே. எனவே, மாணவன் ஒப்பமிட்ட மை உலருமுன் அவனை அழைத்தவர் வேறூர் செல்வது பன்முறை நிகழ்ந்ததொன்று.

இங்கேதான் நியாயம் பற்றிய வினா எழுகின்றது. நெடுங்காலமாகப் பயிற்றுநர் தாம் விரும்பிய நாளிற் செல்லலாம். மறுவாரமே புதிய இடத்திற் பணி தொடங்கலாம். மாணவனோ வேறு பல்கலைக்கழகத்துக்குச் செல்வானாயின், பொதுவாக ஓராண்டு ஆடாது அமர்ந்திருத்தல் வேண்டும். வாக்களித்தவர்க்குத் தளையில்லை, வாக்கை நம்பியவனுக்குத் தளையுண்டு. இவ்வேற்றத்தாழ்வு 2021 ஏப்பிரலில் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்னும் விதியாற் குறைந்தது. 2024 ஏப்பிரலில், கல்வித் தகுதி குன்றாத மாணவர் எத்துணை முறையும் மாறலாமென விதி மேலும் தளர்ந்தது. 2025 ஜூலை தொடக்கம், நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் வீரர்க்கு நேரே பொருள் வழங்கவும் இயலும். இப்பொழுது இருபாலாரும் செல்கின்றனர். சமத்துவம் வந்தது, நிலைபேறு வந்ததோ என்பது வேறு வினா.

பெயர்ச்சியின் பயனை வரலாற்று நிகழ்ச்சிகள் சிலவற்றால் ஆராய்வோம். ஒகையோ மாநிலத்தில் மயாமி என்னும் பல்கலைக்கழகம் ஒன்றுண்டு. அங்கு வூடி ஹேய்ஸ் தலைமைப் பயிற்றுநராயிருந்த காலத்தில் அவரிடம் ஆடிய மாணவருள் போ ஷெம்பெக்லர் ஒருவர். ஹேய்ஸ் 1951இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஷெம்பெக்லர் 1958 முதல் 1962 வரை அவருக்கு அங்கு துணைப் பயிற்றுநரானார். பின்னர் மயாமிக்குத் தலைவராக மீண்டார். 1969இல் மிச்சிக்கன் சென்றார். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பழம்பெரும் பகை மிச்சிக்கன் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 22ஆந் தேதி குருவும் சீடரும் எதிர்நின்றனர். ஹேய்ஸின் குழு தொடர்ந்து 22 ஆட்டங்களில் வென்று வந்திருந்தது. சீடரின் குழு 24-12 என்னும் கணக்கில் அதனை வீழ்த்திற்று. அன்று தொடங்கிய போட்டி பத்தாண்டு நீடித்தது. அப்பத்து ஆட்டங்களிலே சீடர் ஐந்தும் குரு நான்கும் வென்றனர். ஒன்று சமநிலையில் முடிந்தது. தம் முறையை நன்கு கற்பித்த குற்றத்துக்குக் குரு பெற்ற தண்டனை எனச் சிலர் நகையாடினும், கற்பித்தது வீண்போகவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாது?

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் பொருள் நிறைந்தது. அயோவாப் பல்கலைக்கழகத்திலே 1979 முதல் 1998 வரை ஹேய்டன் பிறை தலைவராயிருந்தார். அவரிடம் பணியாற்றியோருள் பில் ஸ்னைடர், பரி அல்வரேஸ், கேர்க் பெரன்ற்ஸ், பொப் ஸ்டூப்ஸ் என்போர் பின்னர்ப் புகழ்பெற்ற தலைவராயினர். தாக்குதற் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ஸ்னைடர் 1988ஆம் ஆண்டின் இறுதியிலே கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றார். அதனினும் தாழ்ந்த நிலையிலிருந்த குழு அக்காலத்தில் முதன்மைப் பிரிவில் இல்லையெனலாம். முந்திய 27 ஆட்டங்களில் அது ஒன்றையேனும் வென்றதில்லை, ஒன்றே சமநிலை. வளமான இல்லத்தை விட்டு இடிந்த வீட்டுக்குக் குடிபோவாரைப்போல் அவர் சென்றார். பத்தாண்டு கழித்து, 1998இல், அக்குழு வழமையான பருவத்தின் பதினோர் ஆட்டங்களையும் வென்றது. அல்வரேஸ் 1990இல் விஸ்கொன்சின் சென்று அங்கும் இத்தகைய மறுமலர்ச்சியை உண்டாக்கினார். பெரன்ற்ஸ் பிறவிடங்களிற் பணியாற்றிய பின்னர், பிறை ஓய்வுபெற்றதும் 1999இல் அயோவாவுக்கே தலைவராக மீண்டார்.

ஸ்டூப்ஸ் என்பவரின் கதையும் இதனோடு பின்னியது. அவர் ஸ்னைடரிடம் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றி, 1996இற் புளோரிடாவுக்குக் காவற் பிரிவின் பொறுப்பாளராகச் சென்றார். அவ்வாண்டே புளோரிடா தேசிய வாகை சூடிற்று. 1999இல் ஒக்லகோமாவின் தலைவரானார். மறு பருவத்திலே அக்குழுவும் தேசிய வாகை சூடிற்று. பின்னர், 2003 டிசம்பரில், ஸ்னைடரின் குழு அவரை 35-7 என்னும் கணக்கில் தோற்கடித்தது. அயோவா என்னும் ஒரு விளக்கிலிருந்து எத்தனை விளக்குகள் ஏற்றப்பட்டன! ஏற்றியதால் அயோவாவின் சுடர் அணைந்துவிடவுமில்லை.

துணைவர் செல்லச் செல்லக் குழு நலியும் என்பது பொதுமக்கள் எண்ணம். அலபாமாவின் வரலாறு இதனை மறுக்கின்றது. நிக் சேபன் அங்கு 2007 முதல் 2023 வரை பதினேழு பருவங்கள் தலைவராயிருந்து ஆறு முறை தேசிய வாகையை ஈட்டினார். அப்பதினேழு பருவங்களிலே தாக்குதற் பிரிவின் பொறுப்பை ஒருவர் பின் ஒருவராக ஏற்றோர் ஒன்பதின்மர். ஆறு வாகைகளின் பருவங்களில் அப்பொறுப்பிலிருந்தோர் ஐவர். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருவர் மாறினர், வெற்றி மாறவில்லை. காரணம் யாது? அங்கு ஒவ்வொரு பணிக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. புதியவர் அவ்வொழுங்கினுட் புகுந்தார். ஒழுங்கு அவருக்காக வளைந்தது சிறிதே. அன்றியும், செல்வோர்க்கு மாற்றாக வருவோர் முன்னரே அங்கு இருந்தனர். பிறவிடங்களிற் தலைமைப் பதவி இழந்தோரைச் சேபன் ஆலோசகராக அமர்த்தி, காலம் வந்தபோது பொறுப்பு அளித்தார். மைக் லொக்ஸ்லி, ஸ்டீவ் சார்க்கீசியன் என்னும் இருவரும் 2016இல் அவ்வாறிருந்து, பின்னர்ப் பொறுப்பாளராகி, முறையே மேரிலாந்துக்கும் டெக்சாசுக்கும் தலைவராகச் சென்றோர். செல்வர் என அறிந்தே சேர்த்தமையால், சென்றபோது அவர் திகைத்திலர்.

எனினும், இதற்கும் ஒரு விலை உண்டு. முன்னாள் துணைவர் நடத்திய குழுக்களோடு மோதிய முதல் 24 ஆட்டங்களிலும் சேபன் வென்றார். 2021 ஒக்டோபர் 9ஆந் தேதி, லூயிசியானாவில் அவரிடம் பணியாற்றிய ஜிம்போ பிஷரின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் குழு அவரை 41-38 என வென்றது. 2022 சனவரி 10ஆந் தேதி தேசிய இறுதியாட்டத்திலே கேர்பி ஸ்மார்ட்டின் ஜோர்ஜியா 33-18 என வென்றது. ஸ்மார்ட் அலபாமாவில் ஒன்பது பருவங்கள் பணியாற்றியவர். ஜோர்ஜியாவிலே தாம் மாணவராயிருந்து ஆடியவர். தம் தாய்க்கல்லூரி அழைத்தபோது சென்றார். பழைய மாணவர் எவரும் இதனைப் பிழையெனக் கூறத் துணியார் என்பது எம் எண்ணம்.

ஸ்மார்ட் சென்ற முறையும் நினைக்கத்தக்கது. 2015 டிசம்பரிலே ஜோர்ஜியா அவரைத் தலைவராக அறிவித்தது. அலபாமாவுக்கோ இன்னும் இரு பேராட்டங்கள் எஞ்சியிருந்தன. அவர் இரு பணியையும் ஒருங்கே சுமந்து, 2016 சனவரி 11ஆந் தேதி நடைபெற்ற இறுதியாட்டம் முடியும்வரை பழைய மாணவரோடு நின்றார். அலபாமா 45-40 என வாகை சூடிற்று. 2018இல் டென்னசிக்குத் தலைவராக அறிவிக்கப்பட்டிருந்த ஜெரமி புறூவிற்றும், 2021இற் சார்க்கீசியனும் அவ்வாறே இறுதிவரை நின்று வாகையோடு விடைபெற்றனர். ஜோர்ஜியாவின் டான் லானிங்கும் 2022 சனவரியில் அங்ஙனமே இறுதியாட்டம் முடித்து ஒரெகனுக்குச் சென்றார்.

வேறுவகையாக முடிந்ததும் உண்டு. 2016 டிசம்பரில் அலபாமாவின் தாக்குதற் பிரிவுப் பொறுப்பாளர் லேன் கிபின் புளோரிடா அத்லாந்திக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியை ஏற்றார். டிசம்பர் 31ஆந் தேதி நடந்த அரையிறுதியில் அவரே ஆட்டத்தை நடத்தினார்; அலபாமா வென்றது. இரு பணிகளையும் ஒருங்கே ஆற்றுதல் கடினமெனக் கண்டு, 2017 சனவரி 2ஆந் தேதி, சேபனும் அவரும் பிரிய உடன்பட்டனர். இறுதியாட்டத்துக்கு ஒரு வாரமே இருந்தது. பொறுப்பு சார்க்கீசியன் கையில் வந்தது. சனவரி 9ஆந் தேதி, ஒரு விநாடி எஞ்சியிருக்கையில் கிளெம்சன் பெற்ற புள்ளிகளால் அலபாமா 35-31 எனத் தோற்றது. பிரிவே தோல்விக்குக் காரணம் என யாம் கூறத் துணியோம். ஒரு விநாடியில் முடிவான ஆட்டத்துக்குக் காரணம் ஆயிரம் உண்டு. ஆயினும், இரு வீட்டுக்கு ஒருவன் விளக்கேற்றுதல் எத்துணை அரிது என்பதை அந்நிகழ்ச்சி காட்டும். இறுதிவரை நின்றோரின் பெருமையும் அதனாலேயே விளங்கும்.

செல்லாதோரையும் மறத்தல் தகாது. 1996 தொட்டுச் சிறந்த துணைப் பயிற்றுநர்க்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்கப்படுகின்றது. அது அர்க்கன்சாவின் பழைய தலைவர் பிராங்க் புறொயில்ஸ் பெயரால் அமைந்தது. அவரிடம் துணைவராயிருந்து தலைவராகச் சென்றோர் பலராதலின் அப்பெயர் பொருந்துவதே. அப்பரிசை முதலிற் பெற்றவரோ செல்லாதவர்! புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மிக்கி அன்ட்ரூஸ் 1984 முதல் 2009 வரை பொபி பௌடன் என்னும் ஒரே தலைவரின் கீழ்க் காவற் பிரிவை நடத்தினார். 2006இல் அப்பரிசைப் பெற்ற வேர்ஜீனியாத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்துப் பட் பொஸ்டர் 1987 முதல் 2019 வரை அவ்விடத்தை விட்டு நீங்கிலர். தந்தையைப் பயிற்றிய மைதானத்தில் மகனைப் பயிற்றும் பேறு அத்தகையோர்க்கே வாய்க்கும். உயர்வு என்பது ஏணியேறுதல் மாத்திரமன்று என்பதற்கு இவரது வாழ்வே சான்று.

செல்வோரை நன்றி மறந்தார் எனத் தூற்றுவோர்க்கு ஒன்று கூறுவோம். தலைமைப் பயிற்றுநர் நீக்கப்படும்போது அவரது துணைவரும் பெரும்பாலும் உடன் நீக்கப்படுவர். புதிய தலைவர் தமக்கு வேண்டியோரை அழைத்து வருவது வழக்கம். அன்று அத்துணைவரின் மனைவி வீட்டை விற்கின்றாள். மக்கள் பள்ளி மாறுகின்றனர். ஆண்டுதோறும் சனவரியிற் கூடும் அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்றுநர் சங்க மாநாட்டிலே, புகழ்பெற்றோர் விரிவுரை நிகழ்த்தும் மண்டபத்துக்கு வெளியே வேலை தேடி நிற்போரையும் காணலாம். தோல்வியில் நிறுவனம் அவர்க்கு விசுவாசம் காட்டாதாயின், வெற்றியில் அவரிடம் மாத்திரம் அதனை எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே, யாம் கண்ட முடிவு இது. துணைப் பயிற்றுநர் செல்லுதல் அத்தொழிலின் இயற்கை. அதனைப் பழியெனக் கூறுதலும், சட்டத்தால் முற்றாகத் தடுக்க முயலுதலும் பயனற்றவை. இடையில் விலகுவோர் இழப்பீடு செலுத்துதல் வேண்டுமென ஒப்பந்தங்கள் விதிப்பினும், தலைமைப் பதவிக்குச் செல்வோர்க்குப் பலவற்றில் விலக்கு அளிக்கப்படுகின்றது. அதுவும் அவ்வியற்கையை ஏற்றுக்கொண்டதன் அடையாளமே. ஆயின், எப்பொழுது செல்வது, எவ்வாறு செல்வது என்பவற்றில் அறம் உண்டு. தொடங்கிய பருவத்தை முடித்துக் கொடுத்தல் ஒன்று. தாம் நில்லாமை தெரிந்தும் நிற்பேன் எனத் தாயொருத்தியிடம் வாக்களியாமை மற்றொன்று. கல்லூரிக்கும் ஒரு கடமை உண்டு. மாணவன் நம்பத்தக்க ஒழுங்கொன்றை, எவர் வரினும் எவர் போகினும் குலையாவண்ணம், அது நிலைநிறுத்துதல் வேண்டும். ஒருவர் போனதும் குலைந்துவிடும் குழு, அவர் இருந்தபோதும் முழுமையுற்றிருக்கவில்லை.

முற்கூறிய மயாமிப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்றுநரின் தொட்டில் என்னும் பட்டப்பெயர் வழங்குகின்றது. அங்கு கற்றும் பயிற்றியும் பின்னர் வேறிடஞ் சென்று புகழெய்தியோர்க்கு அது தன் விளையாட்டரங்கின் முன்றிலிலே சிலைகள் நிறுவியுள்ளது. ஷெம்பெக்லரின் சிலையும் அவற்றுள் ஒன்று. அவர் தம் பெரும்புகழை ஈட்டியது மிச்சிக்கனில். ஆயினும், எமது மைந்தர் என அத்தாய்க்கல்லூரி அவரை இன்றும் உரிமை பாராட்டுகின்றது.

விழாக் கொண்டாடும் ஒரு கல்லூரியின் பழைய மாணவர்க்கு இவ்வுணர்ச்சியை விரித்துரைத்தல் வேண்டா. பழைய மாணவர் என்போர் யாவர்? கல்லூரியை விட்டுச் சென்றோரே. நாம் சென்றமையாற் கல்லூரி குறைந்ததுமில்லை. நம்மை அது மறந்ததுமில்லை. அடுத்த முறை நம் ஆசிரியர் ஒருவர்க்கு நாம் பிரியாவிடை கூறும் மாலையிலே, அவர் கழுத்தில் இடும் மாலையோடு, அவரிடத்துக்கு வருபவரைத் தாங்கும் ஒழுங்கு நம்மிடம் உண்டா என்னும் வினாவையும் நம்முள் எழுப்பிக்கொள்ளுதல் நன்று.